சோடி எங்கே?

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு மகள்,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. ரொறன்ரோவில் உன் வீட்டு வேலியில் நிற்கும் அந்தச் சிவப்புக் குருவியை அம்மா கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கார்டினல் என்று எழுதியிருந்தாய். அப்பப்பா இருந்திருந்தால் அதன் அழகைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார். "சிவப்பென்றால் ஆண். சோடி எங்கே?" என்றுதான் கேட்டிருப்பார். எந்தக் குருவியைக் காட்டினாலும் அவருக்கு அந்த ஒரே கேள்விதானே.

நேற்று அவருடைய திவசம். காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு மொட்டைமாடியில் நின்றோம். காகம் வரச் சுணங்கியது. "மாமா ஏன் காகமாக வருகிறார், வந்தால் ஆறுமணிக் குருவியாகத்தான் வருவார்" என்றாள் அம்மா. ஐயரும் சிரித்துவிட்டார்.

பூட்டனைப் பற்றிச் சொல்லச் சொல்லி உன் மகன் நச்சரிக்கிறான் என்று எழுதியிருந்தாய். முதலில் அவனுக்கு வாரண்ட் கதையைச் சொல். அரசாங்க உத்தியோகத்தருக்குக் குடும்பத்தோடு போய்வர வருடத்துக்குச் சில ரயில் வாரண்டுகள் கிடைக்கும். மற்றவர்கள் அவற்றை நல்லூர்த் திருவிழாவுக்கென்று பொத்திவைப்பார்கள். இவர் ஒன்றை ஊருக்கு, ஒன்றைக் காட்டுக்கு என்று பிரித்துவிடுவார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இரவு மெயில் ஏறி, விடியுமுன் மலைநாட்டு ஒஹியாவில் இறங்கினோம். நாங்கள் நான்கு பிள்ளைகள், அப்பம்மா, ஒரு பிளாஸ்க், புளிச்சாதப் பொட்டலங்கள். கம்பளிச் சட்டை யாரிடமும் இல்லை. அவர் வீரகேசரியைத் தாள் தாளாகப் பிரித்து, எங்கள் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிவிட்டார். 10 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். நடக்க நடக்க முதல்நாள் செய்தி நெஞ்சில் சரசரத்தது. உலக முடிவு என்கிற மலை விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரே பனிமூட்டம். 800 மீட்டருக்கும் அதிகமான பள்ளம் காலடியில் கிடக்கிறது, எங்களுக்குத் தெரிந்ததோ வெள்ளைத் துணி விரித்ததுபோல ஒன்று. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் இழுத்துவந்தீர்கள்?" என்று அப்பம்மா கேட்டா. "பள்ளம் எங்கே போகப்போகிறது, அடுத்த வாரண்டில் வருவோம்" என்றார். எல்லோரையும் விரல்விட்டு எண்ணிய பிறகே தன் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஆறுமணிக் குருவியை நீ மறந்திருக்க மாட்டாய். இமயமலை அடிவாரத்திலிருந்து ஒக்டோபர் அளவில் வரும், ஏப்ரல் அளவில் திரும்பும். பச்சை முதுகு, வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. விடியும்போதும் பொழுதுபடும்போதும் இரண்டு சீழ்க்கை. பகல் முழுக்கச் சருகு கிளறல். தன் உடையை மயில் திருடிவிட்டதென்று அது அழுகிறதாகச் சிங்களவர் கதை சொல்வார்கள். அவிச்சியா என்பது அவர்கள் வைத்த பெயர். அப்பப்பாவுக்கு அந்தக் கதை பிடிக்காது. "உடுப்புக்கு யார் அழுவார்கள்? வீட்டை விட்டு வந்திருக்கிறது" என்பார்.

1983ஐப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. ஜூலையில் வீடு எரிந்தது. முகாமிலிருந்து எங்களைக் காங்கேசன்துறைக்குக் கப்பலேற்றிவிட்டு, வேலையை விட முடியாமல் அவர் மட்டும் கொழும்பில் தங்கினார். வருடக்கணக்காக எழுதிவந்த குருவிக் கொப்பிகளும் வீட்டோடு போய்விட்டன. ஒக்டோபரில் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. சாதாரண அப்பியாசக் கொப்பி, முதற்பக்கத்தில் நீல மை. திகதி, நேரம், ஆறுமணிக் குருவி, 1. மற்ற எல்லாப் பக்கங்களிலும் அந்த இடத்தில் எண் மட்டுந்தான். இங்கே எண்ணுக்குப் பக்கத்தில் 'தனியே' என்று எழுதி, பிறகு அந்தச் சொல்லை ஒரு கோட்டால் வெட்டியிருக்கிறார். ஏன் வெட்டினார் என்று கேட்க முடியாது; கொப்பி என் கைக்கு வந்ததே அவர் போன பிறகுதான்.

உன்னையும் விட்டாரா? ஐந்து வயதில் அத்திடியச் சதுப்புநிலச் சேற்றில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு நீ கத்தினாய். அவர் தன் செருப்பிரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "இனி நாங்கள் ஒரே கட்சி" என்று தெஹிவளைச் சந்தி வரை உன்னோடு வெறுங்காலில் நடந்தார். உத்தியோகம் பார்த்த மனிதர், வேட்டியெல்லாம் சேறு! கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றபோது, பத்திரிகைத் துண்டை வெட்டிக் கொப்பியில் ஒட்டினார். கீழே, 'மண் போட்டு நிரப்பாமல் இருந்தால் சரி' என்று ஒரு வரி.

பின்வளவுப் பலாமரம் இப்போது இல்லை. அங்கே ஒன்பது மாடி எழும்பிவிட்டது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை, ஆறு பத்துக்கு, எங்கிருந்தோ அந்த இரண்டு சீழ்க்கையும் கேட்டது. சாரத்தோடு பால்கனிக்கு ஓடினேன். காணவில்லை. கொப்பியை எடுத்து அவருடைய கடைசி வரிக்குக் கீழே திகதியையும் நேரத்தையும் எழுதினேன். எண் போடவில்லை, பார்க்காததை எண்ணினால் அவருக்குக் கோபம் வரும்.

தைப்பொங்கலுக்கு வரும்போது பேரனுக்குப் பழைய சப்பாத்து ஒரு சோடி கொண்டு வா. புதியது வேண்டாம். அத்திடியவில் இன்னும் அதே சேறுதான்.

அன்புடன்,
அப்பா