செல்வாவுக்கு, கமிட் மெசேஜ் புலம்பல்

டேய் செல்வா,

பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் இரவில் எங்கள் பில்லிங் படுத்துவிட்டது. கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், கோளாறு எந்த மாற்றத்தில் வந்தது என்று தேடும் பைசெக்ட் ஓட்டிக் குற்றவாளி கமிட்டை, அதாவது பதிந்த அந்த மாற்றத்தைப் பிடித்தோம். அதோடு எழுதி வைத்த மெசேஜ் என்ன தெரியுமா? 'ஃபிக்ஸ்'. அவ்வளவுதான். உள்ளே டைம்அவுட்டை, அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை, 30 நொடியிலிருந்து 5 ஆக்கியிருக்கிறது. என்ன மாறியது என்பதைப் பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிடும் டிஃப்பே காட்டுகிறது; ஏன் மாற்றினார்கள் என்பதை யாரிடம் கேட்பது? எழுதியவர் வேலையை விட்டே போய்விட்டார். மறுபடி 30 ஆக்கினால் வேறு எது விழுமோ என்ற பயத்திலேயே விடிந்தது.

மறுநாள் மேலிடத்துச் சட்டம்: எல்லா மெசேஜும் 'ஃபீட்:' (புது வசதி), 'ஃபிக்ஸ்:' (திருத்தம்) என்றுதான் தொடங்க வேண்டும், முதல் வரி 50 எழுத்தைத் தாண்டினால் கமிட்டைச் சோதிக்கும் ஹூக் ஸ்கிரிப்ட் தள்ளிவிடும். இப்போது பையன்கள் 'ஃபிக்ஸ்: பக் ஃபிக்ஸ்' என்று எழுதுகிறார்கள். ஹூக்குக்குப் பரம திருப்தி! மூர்த்தி சார் ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்து மார்ஜின் அளப்பாரே, அவர் இங்கே வந்து சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது.

அளவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2008-ல் டிம் போப் என்ற புரோகிராமர் எழுதிய குறிப்பில்தான் முதல் வரிக்கு 50, மற்ற வரிகளுக்கு 72 எழுத்து என்ற இந்தக் கணக்கு பிரபலமானது. அதற்குக் காரணமும் சொல்லியிருந்தார். கமிட்டுகளைப் பட்டியலிடும் கிட் லாக், மெசேஜை 4 இடம் உள்ளே தள்ளிக் காட்டும். வலப்பக்கமும் அதே அளவு விட்டால் 80 எழுத்து அகல டெர்மினலில் 72 மிஞ்சும். முதல் வரி சின்னதாக இருந்தால் கமிட்டுக்கு ஒரு வரி மட்டும் காட்டும் ஒன்லைன் லாக் பார்க்க வசதி. ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்கள் முதல் வரிக்கு 70, 75 எழுத்துவரை விடுகிறார்கள். அவர்கள் விடாப்பிடியாக இருப்பது வேறு இடத்தில்: என்ன பிரச்சினை, யாருக்கு அதனால் என்ன பாதிப்பு என்று முதலில் சொல்லு என்பார்கள். பழைய கமிட் செய்த கோளாறைச் சரிசெய்தால் 'ஃபிக்ஸஸ்:' என்று போட்டு அந்தக் கமிட்டின் ஹேஷில், அதாவது அடையாளக் குறியில், முதல் 12 எழுத்தையும் அதன் தலைப்பையும் எழுத வேண்டும். எந்தெந்தப் பழைய வெளியீட்டுக்கு இந்தப் பேட்ச் போக வேண்டும் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இது உபயோகமுள்ள கறார்.

சரி, நான் என்ன செய்தேன் என்றால், காரணம் எழுதாத கமிட்டையெல்லாம் ரிவ்யூவில் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டேன். ஒரு பையன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்னொருத்தி ஒரு ஸ்பேஸை நீக்கியதற்கு மூன்று பத்தி எழுதியிருக்கிறாள். அவளை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

உங்கள் டீமில் இதை யாராவது மதிக்கிறார்களா? அப்புறம், பொங்கலுக்கு மதுரை வருகிறாயா இல்லையா, அதை முதலில் சொல்.

கதிர்