கே சம்மர்ஸ்பியை 'அவர்' என்று எழுதுங்கள்

உலகப் போர் வரலாற்றைத் தமிழில் எழுதியும் வெளியிட்டும் வரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய இதழில், இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த அமெரிக்க ஜெனரல் ஐசன்ஹோவரைப் பற்றி ஆறு பக்கக் கட்டுரை வந்தது. 1944-ல் பிரான்சின் நார்மண்டிக் கரையில் அந்தப் படைகள் இறங்கியதற்கு நான்கு பக்கம். மிச்சம் இரண்டு பக்கம், அவருக்கு ஓட்டுநராகவும் பிறகு செயலாளராகவும் இருந்த கே சம்மர்ஸ்பியைப் பற்றி, 'தளபதியின் கள்ளக்காதலி' என்ற தலைப்பின் கீழ். படித்த அன்றே ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். பதினைந்து நாள் பொறுத்து இன்னொன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. இந்த வழக்கம் அந்த ஓர் இதழோடு நின்றுவிடவில்லை என்பதால் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

கையில் பென்சிலோடு அந்த இரண்டு பக்கங்களையும் மறுபடி படித்தேன். ஐசன்ஹோவர் வருகிறார், யோசிக்கிறார், உத்தரவிடுகிறார். சர்ச்சில் விருந்துக்கு அழைக்கிறார். ஊரில் காத்திருக்கும் மனைவி மேமி கவலைப்படுகிறார். கே சம்மர்ஸ்பி மட்டும் வந்தாள், சிரித்தாள், மயக்கினாள். ஒரே பத்தியில் நால்வர். மூவருக்கு 'ர்', ஒருவருக்கு மட்டும் 'ள்'. அச்சுக்குப் போகும் முன் குறைந்தது இரண்டு பேராவது மெய்ப்புப் பார்த்திருப்பார்கள். ஒருவர் கண்ணிலும் இது படவில்லை.

என் வேண்டுகோள் சிறியது. அவரை 'அவர்' என்று எழுதுங்கள். அவர் செய்த வேலையை முதலில் சொல்லிவிட்டு, பிறகு காதலுக்கு வாருங்கள்.

அந்த வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அயர்லாந்தின் கார்க் பகுதியில் 1908-ல் பிறந்தவர். லண்டன் மீது இரவு இரவாகக் குண்டு விழுந்த நாட்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். தெருவிளக்கு இல்லை, வண்டியின் முன்விளக்கையும் மூடியிருக்க வேண்டும், அந்த இருட்டில் இடிபாடுகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்தவர். லண்டன் தெருக்கள் அவருக்கு அத்துப்படி. 1942 மே மாதம் லண்டனுக்கு வந்த ஐசன்ஹோவருக்கு ஓட்டுநராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். 'ஸ்டிராத்தாலன்' என்ற அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. உயிர்காப்புப் படகில் கடலில் கிடந்து தப்பினார். கரையேறியவர் ஊருக்குத் திரும்பவில்லை, வேலைக்குப் போனார். 1943-ல் அவருக்கு நிச்சயமாகியிருந்த அமெரிக்க ராணுவ அதிகாரி அங்கேயே கண்ணிவெடியில் இறந்தார். அதற்குப் பிறகும் பணியில் இருந்தார். ஓட்டுநராக வந்தவர் தலைமைத் தளபதியின் செயலாளர் ஆனார். 1944 ஜூன் 5 மாலை, விடிவதற்குள் பிரான்சில் குதிக்கப்போகும் பாராசூட் வீரர்களைப் பார்க்க ஐசன்ஹோவர் போன காரை ஓட்டியவர் இவர்தான்.

இதில் ஒரு வரிகூட அந்தக் கட்டுரையில் இல்லை. 'கவர்ச்சியான டிரைவர்' என்ற இரண்டே சொற்கள் இருக்கின்றன.

காதல் இருந்ததா என்றால், இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1948-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் அந்தப் பேச்சே கிடையாது. 1969-ல் ஐசன்ஹோவர் இறந்த பிறகு, தானும் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தபோதுதான் மனம் திறந்தார். 1975 ஜனவரியில் அவர் போய்விட்டார். வேறொருவர் துணையோடு எழுதப்பட்ட அந்த இரண்டாம் புத்தகம் 1976-ல் வெளிவந்தது. நெருங்கினோம், ஆனால் உடலால் அது நிறைவேறவில்லை என்பதுதான் அதில் அவர் சொல்வது. சொன்னவரும் இல்லை, மறுக்கவேண்டியவரும் இல்லை. கூட இருந்த அதிகாரிகள் சிலர் காதலே இல்லை என்றார்கள். இதை இப்படியே எழுதினால் வாசகருக்குப் புரியாதா? 'படுக்கையறை ரகசியம்' என்று எழுத உங்களுக்கு ஆதாரம் எங்கே கிடைத்தது?

விவாகரத்துக் கடிதக் கதை இதைவிட மோசம். மேமியை விவாகரத்து செய்ய அனுமதி கேட்டு ஐசன்ஹோவர் அமெரிக்க ராணுவத் தலைவர் ஜெனரல் மார்ஷலுக்கு எழுதினார் என்று முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமன் சொன்னதாகப் பின்னாளில் ஒரு புத்தகம் வந்தது. ட்ரூமன் அதற்கு முன்பே, 1972-ல் இறந்துவிட்டார். அப்படி ஒரு கடிதம் இதுவரை யார் கையிலும் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது 1945 ஜூனில் ஐசன்ஹோவர் மார்ஷலுக்கு எழுதிய வேறொரு கடிதம். என் மனைவியை ஐரோப்பாவுக்கு அழைத்துக்கொள்ள வழி உண்டா என்று அதில் கேட்கிறார். கேட்டது கிடைக்கவில்லை. இல்லாத கடிதத்துக்கு அரைப்பக்கம் கொடுத்த கட்டுரையில் இருக்கும் கடிதத்துக்கு இடமில்லை.

என்னை உறங்கவிடாத விஷயம் வேறு. 1945 நவம்பரில் ஐசன்ஹோவர் வாஷிங்டனுக்குப் போய்விட்டார். அலுவலகத்தில் இருந்தவர்களும் பின்னால் போவதாக ஏற்பாடு. கே ஜெர்மனியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். புறப்படுவோர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கச் சொல்லித் தந்தி வந்தது. பிறகு ஐசன்ஹோவரிடமிருந்து ஒரு கடிதம். தட்டச்சு செய்த, அலுவல் நடையில் அமைந்த கடிதம். அடியில் மட்டும் கையெழுத்தில் ஒரு வரி, உடம்பைப் பார்த்துக்கொள், நம்பிக்கையை விட்டுவிடாதே என்று.

மூன்றரை ஆண்டுகளாக அந்த மனிதரோடு வேலை பார்த்து, அவருடைய கடிதப் போக்குவரத்தையும் கவனித்தவர் கே. எந்தக் கடிதம் மனதிலிருந்து வருவது, எது கோப்பில் வைப்பதற்காக எழுதப்படுவது என்று ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். தனக்கு வந்தது இரண்டாவது வகை என்று கண்ட அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு அது தெரியும். 22 ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் உயர் அதிகாரியின் நேர்முக உதவியாளராக இருந்தவள் நான். அவர் மாற்றலாகிப் போனபோது வழியனுப்பு விழாவில் எல்லோருக்கும் நன்றி சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வரும் என்று பயந்தாராம், வேறொருவர் வழியாகத் தெரிந்தது. எங்களுக்கிடையே வேலையைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை. இருந்தும் 22 ஆண்டு உழைப்பு ஒரு வம்பின் பயத்தில் அழிந்தது. வம்பு பேசியவர்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

போரில் பெண்கள் என்றாலே நமக்கு இரண்டு வேடங்கள்தான் தெரிகின்றன, காத்திருக்கும் மனைவி, மயக்கும் மோகினி. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பூங்காவில் ஜெர்மானியரின் ரகசியக் குறியீடுகளை உடைத்த நிலையத்தில் வேலை பார்த்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை வாசித்திருப்பேன்! ஒன்றிலாவது ஒரு பெண்ணின் பெயர் உண்டா? மகளிர் தினத்துக்கு மட்டும் இளஞ்சிவப்பு அட்டை போடத் தவறுவதில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இதழ்களைப் படித்துத்தான் எனக்கு வரலாற்றில் ஆசையே வந்தது. அந்த உரிமையில் கேட்கிறேன்.

தயவுசெய்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள். நான்கு வரி போதும். 'கள்ளக்காதலி' என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். விவாகரத்துக் கடிதம் கிடைத்ததே இல்லை என்று சொல்லுங்கள். அவரை 'அவர்' என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் 1945 மே 7 அன்று பிரான்சின் ரீம்ஸ் நகரில் ஜெர்மனி சரணடைந்ததும் எடுத்த படத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஐசன்ஹோவர் கையில் பேனாக்களோடு சிரிக்கிறார். படக்குறிப்பில் தளபதிகளின் பெயர்களை வரிசையாகக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்களுக்குப் பின்னால், முகம் பாதி மறைய ஒரு பெண் நிற்கிறார். அடுத்த முறை அந்தப் படத்தைப் போடும்போது அவர் பெயரையும் சேருங்கள்: கே சம்மர்ஸ்பி, தலைமைத் தளபதியின் செயலாளர்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற நேர்முக உதவியாளர் ஒருவர்