ஆலாக் குஞ்சுகளுக்கு ஓடு தந்த ஆச்சிக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

தனுஷ்கோடி அரிச்சல்முனை மணல்திட்டில், சிற்றாலா என்னும் சிறிய கடற்பறவையின் இந்தப் பருவத்துக் கடைசிக் குஞ்சும் நேற்றுப் பறந்துவிட்டது. வைகாசிப் பௌர்ணமி ஓதத்தில் கடல் ஏறி முட்டைகளை அடித்துச் சென்றதை இக்கரையில் உள்ள அனைவரும் அறிவீர்கள். அதை விரித்து எழுத மனம் வரவில்லை. முட்டைகளை இழந்தால் மறுபடி இடும் இயல்பு சிற்றாலாவுக்கு உண்டு என்பதை மட்டும் நம்பி, மணலை உயர்த்திக் காத்திருந்தோம். அவை திரும்பி வந்தன.

உடன் நின்ற வனத்துறைக் களப்பணியாளர்கள், சாக்குகளில் மணலும் கிளிஞ்சலும் சுமந்து மேடு அமைத்த மாணவர்கள், நாய்கள் நுழையாதபடி சுற்றிக் கட்டப் பழைய வலை தந்த நாட்டுப்படகு மீனவர்கள், கேளாமலே தங்கள் நடைவழியை மாற்றிக்கொண்ட பாசி எடுக்கும் பெண்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் நன்றி.

ஆனால் இம்மடலை எழுதத் தூண்டியவர் தங்கச்சிமடத்து ஆச்சி ஒருவர். குஞ்சுகளுக்கு நிழலாக நாங்கள் வைத்த பலகைப் பெட்டிகளைத் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், தண்ணீர் கேட்டு அவர் வீட்டு வாசலில் நின்றோம். சமையல் கொட்டகைக்குத் தகரம் போட்டுவிட்டு, இறக்கிய நாட்டு ஓடுகளை விற்பதற்காக அடுக்கி வைத்திருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "ஓட்டக் கவுத்து வைங்க தம்பி, பருந்துக்குப் பயந்து என் கோழிக்குஞ்சுக்கு அப்படித்தான் வைப்பேன்" என்றார். பணம் வாங்க மறுத்ததுடன், விரிசல் விட்டவற்றைத் தட்டிப் பார்த்து ஒதுக்கி, நல்லவற்றை மட்டும் வைக்கோல் இட்டுக் கட்டித் தந்தார்.

அந்த அரைவட்ட ஓடு காற்றுக்கு அசையவில்லை. மணல் உள்ளே குவியாதிருக்க, வாயை வடகிழக்கே திருப்பிப் பாதி புதைத்தோம். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, முட்டை வேகும் நடுப்பகலில் தாய்ப்பறவையை எழுப்பிவிடாதபடி, காலையிலும் மாலையிலும் மட்டும் தொலைநோக்கி வழியே கணக்கெடுத்தோம். கூட்டை ஒட்டி வைத்த ஓடுகளில்தான் குஞ்சுகள் ஒதுங்கின. தள்ளி வைத்தவை பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. வெயில் ஏறிய ஒரு காலையில், நீரில் வயிற்றை நனைத்துவந்து முட்டைமீது அமர்ந்தது ஒரு பறவை. அருகிலிருந்த ஓட்டின் நிழலில், மணல் நிறத்திலேயே இருந்த பக்கத்துக் கூட்டின் குஞ்சு கண் சிமிட்டியதால்தான் அது அங்கிருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

சிற்றாலா வெறும் மணலில் சிறு குழி பறித்து இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். அடைகாக்க ஏறக்குறைய மூன்று வாரம், குஞ்சு பறக்க மேலும் ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஆறு வாரம் வண்டிச் சக்கரமோ நாயோ படாத மணல் நம் கரையில் எங்கே மிச்சம் இருக்கிறது? அருகிவரும் இனங்களின் பட்டியலில் உலக அளவில் இப்பறவை இன்னும் இடம்பெறவில்லை என்பது எனக்கு ஆறுதலாகத் தோன்றவில்லை. அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு பங்குனி பிறக்கும் முன்பே மேட்டையும் வேலியையும் ஓடுகளையும் ஆயத்தமாக வைத்துவிடுவோம் என்று உறுதி கூறுகிறோம். பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில் கூரை மாற்றுவோர், இறக்கிய நாட்டு ஓடுகளை விற்கும் முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வண்டியோடு நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். விரிசல் பார்த்துத் தர ஆச்சியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.