பழக்குலைக் கருவிக்கு மானியம் கேட்கும் மகளுக்கு

சுங்கை சிப்புட்

அன்பு மகள் யாழினிக்கு,

நீ அனுப்பிய மானிய விண்ணப்ப வரைவை நிதானமாகப் படித்தேன். செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்பதை மரத்தடியில் நின்றபடியே கேமரா மூலம் அறியும் கருவி எவ்வளவு தேவையானது என்பதைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகவே ஓய்வு பெற்ற எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் வரைவு, நீ எதை விற்கப்போகிறாய் என்பதைச் சொல்லும் அளவுக்கு எதைக் கண்டறியப்போகிறாய் என்பதைச் சொல்லவில்லை.

ஆய்வுக்கும் புத்தாக்கத்துக்கும் ஒதுக்கப்படும் பொதுப்பணம், விடை தெரிந்த வேலைக்கு உரியதன்று. வங்கி கடன் தரத் தயங்கும் அளவுக்குத் தொழில்நுட்பத்தில் ஐயம் எஞ்சியிருக்கும் இடத்துக்கே அது வருகிறது. ஆகவே அந்த ஐயத்தை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர விதிப்படி, பழம் புதிதாக உதிர்ந்த குழிகள் குறைந்தது 10 இருந்தால்தான் அது பழுத்த குலை. தரையில் கிடக்கும் குலையில் அவற்றை எண்ணிவிடலாம். உயர்ந்த மரத்தில் மட்டைகளுக்கிடையே மறைந்திருக்கும் குலையில் எப்படி எண்ணுவது? கீழே சிதறிய உதிரிப் பழங்களைப் பார்த்தே வெட்டுபவர் முடிவெடுக்கிறார். காயாக வெட்டினால் எண்ணெய் குறையும், ஏனெனில் அதன் பெரும்பகுதி பழுக்கும் கடைசி வாரங்களில்தான் சேர்கிறது. அளவுக்கு மீறிப் பழுக்கவிட்டாலோ கொழுப்பமிலம் பிரிந்து எண்ணெயின் தரம் கெடும். மட்டை நிழலிலும் மழை ஈரத்திலும் வேறு நிறம் காட்டும் குலையை உன் கேமரா எத்தனை விழுக்காடு சரியாகப் பிரித்தறியும் என்பது உனக்கே இன்னும் தெரியாது. மதிப்பீட்டாளர் பணம் கொடுத்துத் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.

கருவி எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விக்கு நீ 7 என்று எழுதியிருக்கிறாய். தொழில்நுட்பம் எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறது என்பதைக் காட்டும், நாசாவில் தோன்றிய அந்த 9 படி அளவுகோலில், உண்மையான பணிச்சூழலில் முன்மாதிரியை இயக்கிக் காட்டியவர்களுக்கே 7 பொருந்தும். பட்டறை மேசையில், எடுத்துவைத்த படங்களைக் கொண்டு சோதித்த உனக்கு 4 என்பதே நேர்மையான விடை. கூட்டிச் சொன்னால் விண்ணப்பம் வலுக்கும் என்று நினைக்காதே. ஆதாரம் கேட்கும்போது நிற்காது. மேலும் முன்மாதிரி உருவாக்கத்துக்கான திட்டங்களுக்கு 4 ஒரு குறையே அன்று.

தாத்தா ரப்பர் மரத்தில் பால்வெட்டியதையும் நீ தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்ததையும் எழுதிய பத்தியைப் படித்தபோது என் மனம் நிறைந்தது. ஆயினும் அதை எடுத்துவிடு. சிறுதொழிலுக்கு நிதி தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டம் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே இருப்பது உண்மைதான். ஆனால் அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன், அதன் நோக்கமும் வேறு. நீ கேட்கும் மானியத்தில் பின்னணிக்குப் புள்ளிகள் இல்லை. அந்தப் பத்திக்குப் பதிலாக, சோதனைக்கு மரங்களைத் தரச் சம்மதிக்கும் ஒரு சிறுதோட்டக்காரரின் கடிதத்தையும், உன் கருவியின் முடிவைத் தன் தரம்பிரிப்போடு ஒப்பிட இசையும் ஓர் ஆலையின் கடிதத்தையும் இணைத்துவிடு.

பணத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. புதிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு நிதி தரும் அரசு அமைப்பான கிரேடல் நிறுவனத்தின் சிப் ஸ்பார்க் போன்ற திட்டத்தில் 1,50,000 ரிங்கிட் வரை கிடைக்கும் என்றாலும், இத்தகைய பணம் பொதுவாக வேலையின் கட்டங்கள் முடிய முடியவே பகுதி பகுதியாக வரும். இடைப்பட்ட மாதங்களில் உன் இரண்டு பணியாளர்களின் சம்பளத்தையும் இ.பி.எஃப் எனும் சேமநிதிக் கட்டணத்தையும் எங்கிருந்து கொடுப்பாய் என்று தனியாகக் கணக்கிட்டு வை. ஒவ்வொரு கட்டத்தின் முடிவையும் அளந்து பார்க்கக்கூடியதாக எழுது: "கருவியை மேம்படுத்துதல்" என்பதை யாரும் அளக்க முடியாது, "500 குலைகளில் சோதித்துப் பிழை விகிதத்தை அறிக்கையிடுதல்" என்பதை அளக்கலாம்.

கண்காட்சியில் கருவியைக் காட்டும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பே நாட்டின் அறிவுசார் சொத்துக் கழகமான மைஇப்போவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடு. நீயே முன்கூட்டி வெளியிட்டிருந்தாலும் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க நம் நாட்டுச் சட்டம் சலுகை தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது.

திருத்திய வரைவுக்கு முன் செலவுப் பட்டியலை மட்டும் எனக்கு அனுப்பு. ஒவ்வொரு தொகையும் எந்தக் கட்டத்துக்கு உரியது என்று வரிவரியாகச் சரிபார்த்துத் தருகிறேன். அம்மா உன் உடல்நலத்தைக் கேட்டு எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா