ஐந்து நட்சத்திரமும் ஐந்நூறு யூனிட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் போட்ட பணம் ஒரே வருடத்தில் திரும்பிவிடும் என்று உங்கள் இணைப்பிதழில் படித்தேன். யாருக்குத் திரும்பும் என்பதுதான் கட்டுரையில் இல்லை.

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் வரை இழுக்கும். பி.எல்.டி.சி.க்கு 30 வாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் மிச்சம் சுமார் 40 யூனிட். சரி, அதை ரூபாயாக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள்ளேயே அடங்கிவிடும் வீட்டுக்கு இந்த 40 யூனிட்டால் ஒரு பைசா லாபமில்லை. 180 யூனிட் ஓடும் வீட்டில் நூறு ரூபாய்க்குள்தான் குறையும். 510 யூனிட் ஓடும் வீட்டிலோ ஒரே ஃபேனால் பில்லில் ஐந்நூறு ரூபாய் போல இறங்கும். காரணம், 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் சேர்ந்து பறிபோகிறது. ஆக, இரண்டு ஃபேனுக்கும் விலையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் என்றால், ஒருவர் அதை மூன்று பில்லில் எடுத்துவிடுவார், இன்னொருவருக்கு இரண்டரை வருடம் ஆகும்.

அதற்குள் பி.எல்.டி.சி. ஃபேனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போனால்? பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கண்டென்சரை மாற்றிவிட்டுப் போவார், நூறு இருநூறில் முடிந்துவிடும். எங்கள் வீட்டு பி.எல்.டி.சி. ஃபேன் வாரண்டி முடிந்த கையோடு நின்றது. அவர் போர்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரிப்பேர் பண்ற ஐட்டம் இல்ல சார், மாத்துற ஐட்டம்" என்றார். கம்பெனியில் கேட்டால் அந்த மாடலே இப்போது வருவதில்லையாம். நல்லதையும் சொல்லியாக வேண்டும்: சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினாலும் இந்த ஃபேன் வேகம் குறையாது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பாட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

எல்.இ.டி. பல்பில் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் தருகிறது. ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் 25,000 மணி நேரத்தை நம்பி, காற்றுப் புகாத கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டாதீர்கள். சூட்டில் முதலில் சாவது, வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித்தரும் டிரைவர் சர்க்யூட்தான். வாங்கிய தேதியை பல்பின் அடியில் மார்க்கரால் எழுதி, பில்லையும் பத்திரப்படுத்தினால் வாரண்டியில் மாற்றிக்கொள்ளலாம்.

ஏ.சி.யில் ஒட்டியிருக்கும் மின்சிக்கன நட்சத்திர ஸ்டிக்கரில் உள்ள ஆண்டு யூனிட் கணக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்டது. கோடையில் மூன்று மாதம், அதுவும் ராத்திரி மட்டும் போடுகிறவருக்கு அதில் பாதிகூட வராது. ஐந்து நட்சத்திரத்துக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப அத்தனைக்கத்தனை காலம் பிடிக்கும். ஸ்டிக்கர் எந்த ஆண்டுக்குரியது என்பதையும் பாருங்கள். விதிகளை அவ்வப்போது இறுக்குவதால் பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய கணக்கில் நான்கோ மூன்றோதான்.

2023 முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளமும் தொடங்கியது. அப்படியிருக்க, வாரண்டிக்குப் பிறகு போர்டு என்ன விலை, எத்தனை வருடம் கிடைக்கும் என்பதையும் டப்பாவிலேயே அச்சிடச் சொல்வதில் என்ன கஷ்டம்? மின்வாரியமும் பில் குறுஞ்செய்தியில் நம் கடைசி யூனிட்டின் விலையைச் சேர்த்து அனுப்பலாம். அடுத்த இணைப்பிதழுக்கு நிருபர் ஒருவரை ரிப்பேர் கடைகளுக்கு அனுப்பி, எந்தெந்த ஃபேனுக்கு போர்டு கிடைக்கிறது என்று விசாரித்துப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விருதுநகர்