மரக்கன்றுக்கு முன் ஒரு தாள் தாருங்கள்: நகராட்சி ஆணையர்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவது என்று 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. அதன்பின் கன்றுகளுக்குக் குறைவில்லை. மாசி மாதத்தில் அவற்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதுதான் இன்னும் எந்தக் கோப்பிலும் இல்லை. நட்ட ஒப்பந்ததாரர் பட்டியல் போட்டுப் பணம் வாங்கிப் போய்விடுகிறார். தெருவாசிகள் ஊற்றலாம் என்றால் பூங்காவின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் அறைச் சாவி அவர்களிடம் இல்லை. நாங்கள் கேட்பது ஒன்றே: தெரு மரங்கள், திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்கள், குளங்கள் ஆகியவற்றின் பராமரிப்பில் அந்தந்தப் பகுதி மக்களுக்கு மூன்றாண்டுக்கு எழுத்துப்பூர்வமான உரிமையும் பொறுப்பும் தாருங்கள்.

இது புதிய கோரிக்கை அல்ல. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்மக்கள் ஆட்சியரிடம் கேட்டு வாங்கியது ஒரு கவுல், அதாவது எழுத்துப்பூர்வமான உறுதிமொழி. அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. அறிவு ஊரிடம் இருந்தது, அதிகாரம் தாளில் வந்தது. இரண்டும் சேர்ந்ததால் ஏரி பிழைத்தது.

இனி நடவுக்கு வருகிறோம். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கிழக்குக் கடற்கரை ஊர்களில் கன்று நடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தொடர்மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும். தென்காசிக்கும் கன்னியாகுமரிக்கும் தென்மேற்குப் பருவமழை உண்டு, அங்கே ஜூன் பொருந்தும். மற்ற ஊர்களில் புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் இறங்கிவிடும். விழா வேண்டுமென்றால் ஜூனில் குழி வெட்டும் விழா நடத்துங்கள். வெயிலில் ஆறிய குழி நல்ல குழி.

சாலையோரக் குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் இருக்க வேண்டும். ஒன்றரை அடியில் நிறுத்திவிடுவது வழக்கம், ஏனென்றால் அதற்குக் கீழே கட்டட இடிபாடு. அந்த இடிபாட்டை வெளியே எடுக்காமல் நட்டால் இரண்டாம் ஆண்டில் கன்று வளர்ச்சி நின்றுவிடும். இரண்டு பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய குப்பை போதும். மணற்பாங்கான இடத்தில் ஏரி வண்டலும் சேருங்கள். சாலையோரத்துக்கு ஆறு முதல் எட்டடி உயரமுள்ள கன்று வேண்டும். இரண்டடிக் கன்று ஆட்டுக்கும் வண்டிக்கும் தப்பாது. பிளாஸ்டிக் பையை முழுவதும் கிழித்தெறிந்து, அடியில் வட்டமாகச் சுருண்ட வேரை வெட்டிவிட்டு நட வேண்டும். சுருள் வேரோடு நட்டது பத்தாண்டு நன்றாக நிற்கும், பிறகு ஒரு காற்றில் சாயும். தண்டும் வேரும் சேரும் கழுத்து, மண்மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது, போனால் அழுகும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. முதல் கோடையில் கன்றுக்கு வாரம் இருமுறை 20 லிட்டர். நூறு கன்றுக்கு வாரம் 4,000 லிட்டர். மாசி பிறந்தது முதல் ஆனி பிறக்கும் வரை ஏறக்குறைய 18 வாரம். மொத்தம் 72,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஆறு நடை. இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை போதும் என்பதால் மூன்று நடை. ஒரு தெருவுக்கு இரண்டு ஆண்டில் ஒன்பது நடை தண்ணீரை மதிப்பீட்டில் சேர்க்காமல் மரம் நடும் திட்டம் என்று எப்படி எழுத முடிகிறது? லாரிக் குழாயை நேராகக் கன்றின்மேல் பீய்ச்சினால் மண் கரைந்து வேர் வெளியே தெரியும். சுற்றிலும் பாத்தி கட்டி, மூன்றங்குல உயரத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டு, தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி விட்டுவிட்டால் ஊற்றிய தண்ணீர் நிற்கும். இதைப் பகுதி மக்கள் சரியாகச் செய்வார்கள். பெருக்கிய சருகைக் கொளுத்தாமல் மூடாக்குக்குத் தரும்படி தூய்மைப் பணியாளர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டும்.

பிழைத்த மரத்தைக் கொல்வது பெரும்பாலும் நம் துறைகளே. நைலான் கயிறு பட்டையை அறுக்கிறது; தேங்காய் நார்க் கயிற்றை எட்டு வடிவில் கட்டி ஓராண்டில் அவிழ்த்துவிட வேண்டும். இரும்புக் கூண்டை நான்காம் ஆண்டில் எடுக்காவிட்டால் அடிமரம் அதை விழுங்கிக்கொள்ளும். மழைநீர் வடிகாலுக்கு ஜேசிபி வைத்துத் தோண்டும்போது ஒரு பக்க வேர் முழுதும் போகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று பார்த்தோம். பிடிமானம் இழந்த மரம் அப்படித்தான் விழும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் சிமென்ட் இல்லாமல் இருக்க வேண்டும் என்று டெல்லிக்கு 2013லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம் ஊர்களில் பேவர் கல் இன்றும் அடிமரத்தைத் தொட்டே பதிக்கப்படுகிறது.

மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, நுணா, பவழமல்லி. கடலோரத்தில் புன்னை, பூவரசு. குளக்கரையில் நீர்மருது, நாவல், புங்கன். வெளிநாட்டு மரமான கோனோகார்ப்பஸ் வேண்டவே வேண்டாம். கொரியன் புல்தரை கோடையில் சதுர மீட்டருக்கு நாள்தோறும் நான்கைந்து லிட்டர் குடிக்கிறது. அதற்கு ஊற்றுவதைக் கன்றுக்கு ஊற்றலாம்.

குளங்களைப் பற்றி வேதனையோடு எழுதுகிறோம். நடுவில் கிண்ணம்போல் தோண்டி, சுற்றிலும் செங்குத்தாகக் கருங்கல் பதித்து, மேலே நடைபாதை போட்டதும் சீரமைப்பு முடிந்தது என்கிறீர்கள். உள்ளானும் நாரையும் மேய்வதற்குக் கணுக்கால் அளவுத் தண்ணீர் வேண்டும். தவளை ஏறிவர மண்சரிவு வேண்டும். ஒரு பக்கமாவது ஐந்தடிக்கு ஓரடி என்ற சரிவில் கரையை விடுங்கள். தூர்வாருமுன் குளத்துக்கு வரும் கழிவுநீர் இணைப்பை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் வாரிய ஆகாயத்தாமரை திரும்பி வரும். குளத்துக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலின் வாயில் வண்டல் தொட்டி கட்டி ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் வார வேண்டும். சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதாது, தரைக்குக் கீழே ஓரடி வரை அடிக்கட்டையைத் தோண்டியெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் துளிர்க்கும். நீர்பரவும் பகுதிக்குள் மரக்கன்று நடாதீர்கள். திறந்த சதுப்பும் புல்வெளியும் தரிசு அல்ல. சென்னையின் பள்ளிக்கரணை 2022இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது சதுப்பாக இருப்பதால்தான்.

நாங்கள் கேட்கும் தாளில் இவை இருக்கட்டும்: இடத்தின் சர்வே எண், எல்லை வரைபடம், தண்ணீர் எங்கிருந்து, மின்கட்டணம் யாருடையது, பொறுப்பான உதவிப் பொறியாளர் யார், தோண்டவோ கிளை வெட்டவோ போகும் எந்தத் துறையும் 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற விதி. மக்கள் தரப்புக்கும் கட்டுப்பாடு வேண்டும்: நிலத்தில் உரிமை கோரக்கூடாது, கட்டடமோ சிலையோ வழிபாட்டிடமோ கூடாது, பூங்காவைப் பூட்டக் கூடாது. குடியிருப்போர் சங்கத்தை மட்டும் அழைத்துக் கையெழுத்து வாங்கினால் வாடகை வீட்டுக்காரரும், தள்ளுவண்டிக்காரரும், குளத்தில் மாடு குளிப்பாட்டுபவரும் வெளியே நிற்க நேரும். அவர்களுக்கும் குழுவில் இடம் வேண்டும். அந்த இடத்தை நாள் முழுதும் பார்ப்பவர்கள் அவர்களே.

2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் சாலை போக மீதியில் 10 விழுக்காடு திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலமாக, தானமாக உங்களிடம் வந்து சேர்கிறது. அப்படி வந்த நிலங்களில் குப்பை வண்டி நிற்கிறது, மின்மாற்றி நிற்கிறது. வார்டு வாரியாக அவற்றின் பட்டியலை வெளியிடுங்கள். ஒவ்வொரு நிலத்திலும் சர்வே எண்ணோடு பலகை வையுங்கள்.

வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் ஏரியா சபைக்கான விதிகள் 2022இலேயே வந்துவிட்டன. அடுத்த ஏரியா சபையில் அந்தப் பட்டியலையும், சென்ற ஆண்டு நட்டதில் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்ற கணக்கையும் படித்துக் காட்டுங்கள். வார்டுக்கு ஓரிடம் என்று தேர்ந்தெடுத்து, வரும் புரட்டாசிக்கு முன் முதல் தாளில் கையெழுத்திடுங்கள். குழி வெட்டவும் சருகு சேர்க்கவும் தண்ணீர் சுமக்கவும் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
நகர மரங்களையும் குளங்களையும் பேணிவரும் குடிமக்கள்