அப்பாவின் கண்களுக்காக ஓடிவந்தவர்களுக்கு நன்றி

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கும் கண் வங்கி ஊழியர்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் காரியங்கள் நல்லபடியாக முடிந்தன. அன்று யாரிடமும் பேசும் நிலையில் நான் இல்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

தன் கண்களைக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்பா எங்களிடம் சொன்னது அப்பு இறந்த வாரத்தில். அப்பு என்றால் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார். 2021 அக்டோபர் 29 அன்று மாரடைப்பில் போனார். 46 வயது. அப்புவின் தந்தை நடிகர் ராஜ்குமார் வீரப்பனால் கடத்தப்பட்டிருந்த 108 நாட்களையும், 2006இல் அவர் மறைந்தபோது நகரம் கொதித்ததையும் பயந்து பயந்து கடந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட அப்பா, இஸ்திரிக் கடையைச் சாத்திவிட்டு அப்புவுக்காக விம்மி விம்மி அழுதார். "நம்ம மெட்ராஸ்ல பொறந்த புள்ளம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கன்னடப் படங்களுக்கும் சென்னையே வீடாக இருந்த காலத்தில், 1975இல் அங்கே பிறந்தவர் அப்பு.

அந்தக் குடும்பத்தில் கண்தானம் புதிதல்ல. ராஜ்குமார் போனபோதும், 2017இல் அவர் மனைவி பார்வதம்மா போனபோதும் கண்களைக் கொடுத்தார்கள். அப்புவின் கண்களையும் அன்றே நாராயண நேத்ராலயா பெற்றுக்கொண்டது. வழக்கமாக இரண்டு கருவிழிகள் இரண்டு பேருக்குப் போகும். அங்கே மருத்துவர்கள் ஒவ்வொரு கருவிழியையும் முன்படலம், பின்படலம் என்று பிரித்து நான்கு பேருக்குப் பொருத்தினார்கள். அதன்பிறகு கர்நாடகம் முழுக்கக் கண்தானத்துக்குப் பெயர் கொடுக்கக் கூட்டம் கூடியது. அப்பாவும் போய்ப் படிவம் நிரப்பிவிட்டு வந்தார்.

ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் போன பிறகு, வீட்டில் இருப்பவர்கள் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும். அதுவும் ஆறு மணி நேரத்துக்குள். அப்பா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

முதல் நன்றி மாடி வீட்டு நர்ஸ் அக்காவுக்கு. அழுதுகொண்டே வந்தாலும் அவர் செய்ய வேண்டியதை மறக்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினார். அப்பாவின் இமைகளை மூடி, சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மேலே வைத்தார். தலைக்குக் கீழே இன்னொரு தலையணையைச் செருகினார். கருவிழி காய்ந்துவிடக் கூடாதாம். அப்புறம்தான் என்னைக் கட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் கதவைத் தட்டியதும் வந்து பார்த்து, இறப்புச் சான்று எழுதிக்கொடுத்த மருத்துவருக்கும் நன்றி.

அடுத்தது, தெருமுனையில் அப்பு படம் வைத்து ஆண்டுதோறும் அன்னதானம் செய்யும் தம்பிகளுக்கு. கண் வங்கிக்கு போன் போட்டது, வண்டிக்கு வழிகாட்டியது, சந்துக்குள் நின்ற பைக்குகளை நகர்த்தியது எல்லாம் அவர்கள்தான். அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் செய்தார்கள். "கண்ணை எடுத்தா முகம் என்னாகும்? அடுத்த பிறவியில குருடாப் பொறப்பான்" என்று அத்தை குறுக்கே நின்றார். யார் சொல்லியும் கேட்கவில்லை. அந்தத் தம்பிகளில் ஒருவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "அத்தை, கண்டீரவா ஸ்டேடியத்துல அப்பு முகத்தை டிவியில பார்த்தீங்கல்ல? கண்ணைக் கொடுத்த பிறகுதான் அங்க வெச்சிருந்தாங்க. ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்று கேட்டான். லட்சக்கணக்கான பேர் வரிசையில் நின்று பார்த்த முகம் அது. அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி, வரச் சொல்லு" என்றார். ஒப்புதல் படிவத்தில் சாட்சிக் கையெழுத்தும் அவரே போட்டார். அத்தை, உங்களுக்கும் என் நன்றி.

கண் வங்கியிலிருந்து வந்த இருவரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முதலில் அப்பாவைக் கும்பிட்டார்கள். அது என் மனசில் நிற்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, புரை அறுவையும் ஆனவர் என்று தயங்கிச் சொன்னேன். அதெல்லாம் தடையில்லை என்றார்கள். பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்தபோது அப்பா தூங்குவது போலவே இருந்தார்.

கண்களைப் பெறுகிறவர்களின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அது விதி. நீங்கள் யாராக இருந்தாலும் நன்றாக இருங்கள். அப்பாவின் கண்களை வாங்கிக்கொண்டதற்கு உங்களுக்கும் நன்றி.

அப்புவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 நவம்பர் 1 அன்று அவருக்குக் கர்நாடக அரசின் உயரிய விருதான கர்நாடக ரத்னா வழங்கினார்கள். திடீர் மாரடைப்புக்கு உடனே சிகிச்சை தரும் அரசுத் திட்டத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அவர் செய்தது இவை எதிலும் வராது. அவர் குடும்பம் துக்கத்தின் நடுவிலும் அன்று கண்களைக் கொடுத்ததால்தான் அப்பாவுக்கு அந்த எண்ணமே வந்தது. அவர்களுக்கு என் கைகூப்பு.

கண் வங்கியின் எண்ணைத் தம்பிகள் எங்கள் கடை ஷட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். தெருவில் யாருக்குத் தேவைப்பட்டாலும் எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள். நானும் நர்ஸ் அக்காவும் வருகிறோம்.

நன்றியுடன்,
இஸ்திரிக் கடைக்காரர் மகள்